சும்மா பார்க்க வந்தவர்கள்

“சும்மாதான் சார், பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தோட்டத்துப் பந்துத் திடலுக்கு வருகிறவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை இதுதான். பழம் வெட்டும் தம்பிகளும் இதைத்தான் சொல்வார்கள். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் குடையோடு நிற்கும் அம்மாக்களும் இதைத்தான் சொல்வார்கள். நண்டு சாப்பிடுவதற்காகப் பாலம் கடந்து கேரித் தீவுக்கு வரும் பட்டணத்துக் குடும்பத்தார்கூட, காரை ஓரமாக நிறுத்திவிட்டு இதையே சொல்கிறார்கள்.

அவர்கள் பார்க்க வருவது எங்கள் சின்ன விமானங்களை! ரிமோட் என்று நாம் சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வானொலி அலையால் பறக்க விடும் மாதிரி விமானங்கள் அவை. இறக்கை ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். உடம்பெல்லாம் நுரை. தூக்கிப் பார்த்தால் ஒரு பெரிய தேங்காயின் கனம்கூட இராது. ஆனால் அது புல்லை விட்டு எழும்பிச் செம்பனை மட்டைகளுக்கு மேலே போய்த் திரும்பும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் கிழவரும் குழந்தையாகிவிடுகிறார்.

இந்தக் கட்டுரையில் விமானத்தைப் பற்றிக் கொஞ்சமும், சும்மா பார்க்க வருகிறவர்களைப் பற்றி நிறையவும் எழுதப் போகிறேன். ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் சும்மா பார்க்கப் போனவன்தான். போய்த் திரும்பிய விதம்தான் நன்றாக இல்லை.

ஒரு பத்து வயதுப் பையனின் கதை

1990-ஆம் ஆண்டு. எனக்கு வயது பத்து. தீபாவளிக்குத் துணி எடுக்க அப்பா என்னைத் தம் பழைய மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்கு அழைத்துப் போனார். திரும்பும் வழியில் ஒரு திடலில் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. “அப்பா, அப்பா!” என்று நான் முதுகில் தட்ட, அவரும் வண்டியை நிறுத்தினார். அவருக்கும் ஆசைதான்!

வேலி இல்லை. நடந்து போனோம். நிழலில் ஒரு மேசை. அதன்மேல் நீண்ட கம்பிகள் வைத்த பெட்டிகள் நாலைந்து இருந்தன. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மேசையைப் பார்த்தேன். ஒரு பெட்டியில் சின்ன விசை ஒன்று இருந்தது. வானொலிப் பெட்டியின் விசை போலத்தான் இருந்தது. தட்டிவிட்டேன்.

மேலே போய்க்கொண்டிருந்த சிவப்பு விமானம் ஒருமுறை உதறிற்று. பிறகு மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு புதருக்குள் விழுந்தது.

அதன்பின் கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மனிதர் ஓடி வந்து பெட்டியைப் பிடுங்கினார். “யார் உங்களை உள்ளே விட்டது?” என்றார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “தெரியாம செஞ்சிட்டான் முதலாளி, என்ன ஆகுதோ சொல்லுங்க, கொடுத்துடறேன்” என்றார். அந்த மனிதர் அப்பாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “உன் சம்பளத்துக்கு எத்தனை மாசம் ஆகும் தெரியுமா?” என்று கேட்டார்.

அப்பா என்னை அடிக்கவில்லை. வீடு வந்து சேரும் வரையில் பேசவும் இல்லை. லயத்து வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, “அதெல்லாம் பெரிய எடத்து விளையாட்டு. நமக்கு எதுக்குப்பா?” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் பல வருடம் தங்கிவிட்டது.

அவர் ஏன் கத்தினார்?

ஆசிரியர் பயிற்சி முடிந்து வேலைக்கு வந்த பிறகுதான், அன்று நடந்தது என்ன என்று எனக்கு விளங்கிற்று. அந்த மனிதர் கத்தியதற்கும் ஒரு காரணம் இருந்தது. அதை வாசகர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

கம்பி இல்லாமல் ஒரு பொருளை ஓட்டலாம் என்று 1898-ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி நியூயார்க்கில் காட்டிவிட்டார். அவர் ஓட்டியது சிறு படகு. மாதிரி விமானத்துக்கு அந்த வித்தை வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 1937-இல் ‘கஃப்’ என்ற தங்கள் விமானத்தை வானொலி அலையால் வெற்றிகரமாகப் பறக்க விட்டார்கள். அந்த விமானம் இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் உடைமை.

அந்நாளிலிருந்து நெடுங்காலம் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு பெரிய இக்கட்டு இருந்தது. ஒவ்வொரு ரிமோட்டும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் பேசும். அதே அலைவரிசையில் இன்னொருவர் தம் பெட்டியை முடுக்கினால், பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது. இரண்டு மண்டோர்கள் ஒரே ஆளைப் பார்த்து ஒருவர் வலப்பக்கம் போ என்றும், மற்றவர் இடப்பக்கம் போ என்றும் சொன்னால் என்னவாகும்? அதுதான் ஆகும். விமானம் விழும். ஆறு மாதம் பலகை அறுத்து, ஒட்டி, காகிதம் போர்த்திச் செய்த விமானம், ஆறு விநாடியில் குப்பையாகும்!

ஆகையால் திடல்களில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அதில் அலைவரிசைக்கு ஒன்றாக, துணி காயப்போடும் கிளிப் மாட்டியிருக்கும். உங்கள் எண்ணுக்குரிய கிளிப்பை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்ட பிறகே பெட்டியை முடுக்கலாம். கிளிப் இல்லையென்றால் அந்த எண்ணில் வேறொருவர் பறக்கவிடுகிறார் என்று பொருள்.

அன்று நான் கிளிப் எடுக்கவில்லை. கிளிப் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்வாரும் இல்லை. சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். “தம்பி, இங்கே நில். பெட்டியைத் தொடாதே, தொட்டால் மேலே இருப்பது விழுந்துவிடும். பக்கத்தில் வந்து பார்.” இவ்வளவுதான்! அந்த அரை நிமிடம் கிடைத்திருந்தால் ஒரு விமானமும் பிழைத்திருக்கும். என் அப்பாவும் தொப்பியைக் கழற்றியிருக்க மாட்டார்.

இப்போது அந்த இக்கட்டு தீர்ந்துவிட்டது. 2005-ஆம் ஆண்டுக்குப் பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்யும் ரிமோட்டுகள் மெல்ல மெல்லப் பரவின. இவற்றில் விமானத்தின் பெட்டியும் கையிலிருக்கும் பெட்டியும் முதலிலேயே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். கன்றுக்குட்டி தன் தாயின் குரலுக்கு மட்டும் வருவதுபோல, விமானம் தன் ரிமோட்டின் பேச்சை மட்டுமே கேட்கும். பத்துப் பேர் ஒரே திடலில் பறக்க விட்டாலும் சிக்கல் இல்லை. விமானமும் பலகையிலிருந்து நுரைக்கு மாறிவிட்டது. விழுந்தால் பசை போட்டு ஒட்டி அன்றைக்கே மறுபடியும் பறக்க விடலாம்.

ஆபத்து போய்விட்டது. ஆனால் ஆபத்துக் காலத்தில் பழகிய கடுமுகம் மட்டும் சில இடங்களில் இன்னும் போகவில்லை. புதிதாக வருகிறவரைப் பார்த்து, “என்ன விமானம் வைத்திருக்கிறாய்? எவ்வளவு செலவு செய்வாய்? ஒழுங்காக வருவாயா?” என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. சும்மா பார்க்க வந்தவன் அதற்கு என்ன பதில் சொல்வான்? திரும்பிப் போய்விடுவான். அவன் போனது யாருக்கும் தெரியவும் தெரியாது!

இராமேசுவரத்து ஆசிரியர்

வாத்தியார் வேலையில் இருக்கும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவர் ஒருவர். இராமேசுவரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த சிவசுப்பிரமணிய ஐயர்தான் அவர். பறவை எப்படிப் பறக்கிறது என்று அவர் வகுப்பில் படம் வரைந்து விளக்கினாராம். “புரிந்ததா?” என்று கேட்டபோது, தமக்குப் புரியவில்லை என்றான் ஒரு மாணவன். ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டினார். சிறகை எப்படி அடிக்கின்றன, வாலை எப்படித் திருப்புகின்றன என்று நேரில் பார்க்க வைத்தார்.

புரியவில்லை என்று சொன்ன அந்தப் பையன்தான் அப்துல் கலாம். பின்னாளில் சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்து, ராக்கெட் செய்து, 2002-இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். தம் வாழ்க்கைக்குத் திசை காட்டியது அந்த ஒரு மாலைப்பொழுது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஆசிரியரிடம் கடற்கரையும் பறவையும்தான் இருந்தன. நம் தீவிலும் அவை இருக்கின்றன அல்லவா? ஒரு பக்கம் லங்காட் ஆறு, மறுபக்கம் மலாக்கா நீரிணை. அணைக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், செம்பருந்து சிறகை அடிக்காமலே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் ஏறி நிற்கிறது அது. ஐந்தாம் வகுப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல கரும்பலகை வேறு எங்கே கிடைக்கும்?

நானும் கத்தினேன்

சில வருடங்களுக்கு முன்பு பள்ளியில் ஒரு சின்னக் குழு தொடங்கினேன். முதலில் கையால் வீசும் விமானம்தான். கடைகளில் பழம் வரும் வெள்ளை நுரைப் பெட்டியின் மூடியை மெல்லியதாக அறுத்து, இறக்கையும் வாலும் வெட்டிக்கொள்வோம். மூங்கில் குச்சியை உடம்பாக வைத்து ஒட்டுவோம். மூக்கில் பிளாஸ்டிசின் களிமண் உருண்டை ஒன்று. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னால் இரு விரலை வைத்துத் தாங்கினால், விமானம் சமமாக நிற்க வேண்டும். வீசும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, பிறகு தொப்பென்று விழுந்தால் களிமண் போதவில்லை. நேரே தரையைக் குத்தினால் களிமண் கூடுதல். இவ்வளவுதான் கணக்கு! ஒரு காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

அதன்பின், தோட்ட அலுவலகத்துக் கிராணி ஒருவரும், ஆலையில் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவரும், நானும் காசு போட்டு, பழைய ரிமோட் விமானம் ஒன்று வாங்கினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பறந்தது. நாலாவது ஞாயிறு, என் வகுப்பு மாணவி ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து ரிமோட்டை எடுத்தாள்.

“தொடாதே!” என்று கத்தினேன்.

திடலே திரும்பிப் பார்த்தது. பேட்டரி மாட்டிய விமானத்தின் ரிமோட்டில் குச்சியை அசைத்தால் மோட்டார் சுற்றிவிடும். அதன் முன்னிருக்கும் விசிறி விரலை வெட்டிவிடும். ஆகவே நான் பயந்ததில் தப்பில்லை. ஆனால் பயத்தை விளக்காமல் சத்தம் மட்டும் போட்டேன். அந்தப் பிள்ளை ரிமோட்டைப் புல்லின்மேல் மெதுவாக வைத்தாள். தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நடந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காப்பி கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“விடுங்க சார். அதெல்லாம் நமக்கு எதுக்கு சார்?”

காப்பி தொண்டையில் இறங்கவில்லை. அதே வார்த்தை! என் அப்பாவின் வாயில் அந்த வார்த்தையை வைத்தவர் முன்பின் தெரியாத ஒரு மனிதர். இந்தத் தாயின் வாயில் அதை வைத்தவன் நான்.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “சார் கத்தினது தப்பும்மா. ஏன் கத்தினேன்னு சொல்றேன், கேளு” என்று விசிறியைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: “அப்போ, பேட்டரி மாட்டாம தொடலாமா சார்?”

தொடலாம் என்றேன். மறுநாளே வந்தாள்.

இப்போது எங்கள் வழக்கம்

அன்று முதல் எங்கள் திடலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சும்மா பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும், பத்து நிமிடத்துக்குள் அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

“விமானத்தை உடைத்துவிட மாட்டார்களா?” என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இரண்டு ரிமோட்டுகளை இணைத்துவிடலாம். ஒன்று கற்பிக்கிறவர் கையில், மற்றொன்று கற்கிறவர் கையில். கற்பிக்கிறவர் தம் பெட்டியிலுள்ள விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் விமானம் மாணவரின் பேச்சைக் கேட்கும். ஆபத்து என்று தெரிந்தால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான். அந்தக் கணமே விமானம் ஆசிரியரிடம் வந்துவிடும். இருபது வருடம் வாத்தியார் வேலை பார்த்தும் நான் கற்றுக்கொள்ளாததை இந்த விசை எனக்குக் கற்றுக் கொடுத்தது. பிடியை விடாமலே உரிமையைக் கொடுக்கலாம்!

விமானத்தை முதலில் நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய்ச் சமமாக வைத்துவிட்டுத்தான் புதியவரிடம் கொடுப்போம். இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்கள் ‘இரண்டு தவறு உயரம்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தவறு செய்து, அதைத் திருத்தப் போய் இன்னொரு தவறும் செய்தாலும் தரை தட்டாத உயரம் அது. பிள்ளை வளர்ப்புக்கும் பொருந்தும் கணக்கல்லவா இது?

புதியவருக்குச் சொல்வதும் கொஞ்சம்தான். ஒரு குச்சி மூக்கை ஏற்றி இறக்கும். இடம் வலம் திருப்பும். இன்னொரு குச்சி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மெதுவாகத் தொட்டால் போதும். ஒரே ஒரு இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது வலது வலதுதான். நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகவும், வலம் இடமாகவும் தெரியும். அப்போது ஒரு சுலபமான வழி உண்டு. எந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும். சாய்ந்த பந்தலுக்கு முட்டுக் கொடுப்பதுபோல!

இன்னொன்றையும் நாங்கள் செய்வதில்லை. “அடுத்த வாரம் வருவாயா? விமானம் வாங்குவாயா?” என்று யாரையும் கேட்பதில்லை. ஒருமுறை வந்து, இரண்டு நிமிடம் பறக்கவிட்டு, சிரித்துவிட்டுப் போய் மறுபடி வராதவர்கள் நிறையப் பேர். போகட்டுமே! அந்த இரண்டு நிமிடம் அவர்களுடையது. வீணை வாசிக்கத் தெரிந்தவர்கள்தாம் கச்சேரிக்கு வர வேண்டும் என்று யாராவது சொல்வார்களா?

தளர்த்தக்கூடாத சில

வரவேற்பு வேறு, அலட்சியம் வேறு. சில விதிகளை நாங்கள் யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

விசிறிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பறக்கவிடுகிறவருக்குப் பின்னால்தான் பார்வையாளர்கள் நிற்க வேண்டும். ஆட்களின் தலைக்கு மேல் விமானத்தைக் கொண்டுவரக் கூடாது. வாய்க்காலில் விழுந்த விமானத்தை எடுக்கப் பிள்ளைகள் இறங்கக் கூடாது. பெரியவர்கள்தாம் இறங்க வேண்டும்.

லித்தியம் பேட்டரியிடம் மிகவும் எச்சரிக்கை தேவை. அதற்குரிய சார்ஜரில் மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும், தூங்கும் நேரத்திலும் சார்ஜில் போடக் கூடாது. உப்பிப்போன பேட்டரியையும், குத்துப்பட்ட பேட்டரியையும் மறுபடியும் பயன்படுத்தவே கூடாது. அது தீப்பிடித்தால் பலகை வீடு தாங்காது.

சட்டமும் உண்டு. நம் நாட்டில் ஆளில்லாமல் பறப்பவற்றுக்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன. அனுமதியின்றி 400 அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேல், பறக்க விடக் கூடாது. விமான நிலையங்களை ஒட்டிய பகுதிகளில் அனுமதி இல்லாமல் பறக்கவே விடக் கூடாது. 1998-இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து பெரிய விமானங்கள் நம் வட்டாரத்து வானில் போய் வருவதை நாம் தினமும் பார்க்கிறோம். ஆகவே புதிதாகப் பறக்கவிட நினைப்பவர்கள் ஆணையத்திடம் விசாரித்து, தோட்ட நிர்வாகத்திடமும் கேட்டுக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

“இதனால என்ன பிரயோசனம்?”

பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போகிறவருக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

செம்பனைத் தோட்டங்களில் இப்போது மரங்களை எண்ணுவதற்கும், நிலத்தைப் படம் பிடிப்பதற்கும், மருந்து தெளிப்பதற்கும் டிரோன்கள் வந்துவிட்டன. அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் வேண்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில், கலாம் படித்த அதே எம்.ஐ.டி.யின் மாணவர்கள் ‘தக்‌ஷா’ என்ற குழு அமைத்தார்கள். மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டி ஒன்று 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. அதில் அவர்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் யார் தெரியுமா? நடிகர் அஜித் குமார்! அவர் தொழில் நடிப்பு. மாதிரி விமானம் அவருக்குப் பொழுதுபோக்கு. பொழுதுபோக்காகப் பழகியவர்தானே என்று ஒதுக்காமல், கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விமானம் விடுகிற பிள்ளைகள் எல்லோரும் பொறியியலாளர் ஆகிவிட மாட்டார்கள். வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டி நான் யாரையும் அழைப்பதில்லை. ஒரு சின்னப் பொருளை மேலே அனுப்பி, அது தன் பேச்சைக் கேட்டுத் திரும்பி வருவதைப் பார்க்கிற பிள்ளைக்கு, ‘நமக்கு எதுக்கு’ என்ற வார்த்தை கொஞ்சம் தூரமாகிப் போகிறது. எனக்கு அது போதும்.

தொப்பி

சென்ற பள்ளி விடுமுறையில் என் அப்பாவைத் திடலுக்கு அழைத்து வந்தேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் தொப்பி போடும் பழக்கம் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “சும்மா பார்க்கிறேன், நீ விடு” என்றார்.

நான் விமானத்தை மேலே ஏற்றினேன். அப்போது, முன்பு நான் கத்தி விரட்டிய அந்தப் பெண் பிள்ளை எங்கள் அருகே வந்தாள். அவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். எங்கள் திடலில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான். இரண்டாவது ரிமோட்டை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

“தாத்தா, புடிங்க.”

அப்பா கையை இழுத்துக்கொண்டார். “வேணாம்மா. விழுந்துட்டா என்ன ஆவறது?”

“விழுந்தா ஒட்டிக்கலாம் தாத்தா” என்றாள் அவள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையசைத்தேன். அவர் தம் கட்டைவிரலைக் குச்சியின்மேல் வைத்தார். அரிவாள் பிடித்துக் காய்த்துப் போன விரல் அது. விமானம் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, செம்பனை வரிசைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. ஒரு வட்டம், பிறகு இன்னொரு வட்டம். நான் விசையிலிருந்து விரலை எடுக்கவே நேரவில்லை.

வெயில் கண்ணில் படாதிருக்க, அவர் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

வாசக அன்பர்களே! உங்கள் ஊரிலும் பந்துத் திடலோ, தையல் வகுப்போ, இசைக் குழுவோ, நூலகமோ இருக்கும். அங்கே வாசற்படியில் யாராவது நின்று, சும்மா பார்க்க வந்தேன் என்பார்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். எதைத் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது என்று அரை நிமிடம் சொல்லுங்கள். பிறகு, எதைத் தொடலாமோ அதைக் கையில் கொடுங்கள்.